யாருக்கும் தெரியாத நல்ல பேக்கேஜ்கள்

நாள், நேரக் கணக்குக்காகவோ சிஎஸ்வி கோப்பைப் படிப்பதற்காகவோ ஒரு லைப்ரரி (வேறொருவர் எழுதிப் பகிர்ந்த நிரல் தொகுப்பு, பேக்கேஜ் என்றும் சொல்வார்கள்) வேண்டுமென்று, இவற்றைச் சேர்த்துவைத்திருக்கும் ஏதாவது பொதுக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வரி விளக்கம், கடைசியாக வெளியான தேதி. இவ்வளவை வைத்துக்கொண்டு எது நல்லது என்று எப்படி முடிவு செய்வது? பெரும்பாலோர் டவுன்லோட் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பயனர்கள் இடும் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். எது அதிகமோ அதை நிறுவிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது? ஒரு திட்டத்தின் தானியங்கிச் சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் அதன் டிபென்டன்சிகள் (அது நம்பியிருக்கும் பிற பேக்கேஜ்கள்) மறுபடி இறங்கலாம். வேறொரு பேக்கேஜுக்கு அடியில், அதற்கும் அடியில் இருக்கும் ஒன்று, யாருமே தேர்ந்தெடுக்காமல் லட்சக்கணக்கில் இறங்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்த, இணையக் கோரிக்கைகளை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட் என்ற லைப்ரரியை அதன் பராமரிப்பாளர்கள் 2020 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள். புதிய அம்சம் எதுவும் வராது, வேறு எதையாவது பாருங்கள் என்று தெளிவாகவே எழுதினார்கள். அதற்குப் பல வருடங்கள் கழித்தும் அது வாரத்துக்கு லட்சக்கணக்கான முறை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. டவுன்லோட் எண்ணைச் சொல்லி வரிசைப்படுத்தினால் கைவிடப்பட்ட ஒன்று மேலே நிற்கும், அதன் இடத்துக்கு வரவேண்டியவை பத்தாம் பக்கத்தில் இருக்கும்.

பொதுக் களஞ்சியங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் "தரத்தை எப்படி உயர்த்துவது" என்ற கேள்வியில் போய் நிற்கிறது. தேடினால் கிடைப்பதைப் பற்றிய பேச்சு அப்புறம்தான், அதுவும் இணையதள வடிவமைப்பு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் போல. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். ஒரு லைப்ரரி முதல் வெளியீட்டிலேயே தரமாகப் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் தன் கணினியில், ஆசிரியர் யோசித்தே பார்க்காத ஒரு கோப்பை அதற்குக் கொடுக்கிறார். அது உடைகிறது. அவர் வழு (நிரல் பிழை) அறிக்கை எழுதுகிறார். இப்படிப் பலர் செய்த பிறகுதான் அது நம்பத்தக்கதாகிறது. கண்ணில் படாத பேக்கேஜுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கண்ணில் படும் பேக்கேஜ் எத்தனை சுமாராக எழுதப்பட்டிருந்தாலும், வழு அறிக்கைகளும் திருத்தங்களும் வந்து வந்து ஒரு மாதிரி தேறிவிடுகிறது. எதை முதலில் காட்டுகிறோம் என்பதே எது தரமாக வளரும் என்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறது.

நானே ஒரு சிறிய லைப்ரரியைப் பராமரிக்கிறேன். அதில் இருந்த மிக மோசமான வழுக்கள் எதையும் நான் எழுதிய சோதனைகள் பிடிக்கவில்லை. நான் தொட்டே பார்த்திராத இயங்குதளம், நான் பயன்படுத்தாத எழுத்துக் குறியாக்கம், இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் அவை வந்தன. சொன்னவர்கள் எல்லோருமே முன்பின் தெரியாதவர்கள்.

இந்த உண்மையை வெகு முன்பே புரிந்துகொண்டு அதை ஓர் ஏற்பாடாகவே மாற்றியது பெர்ல் மொழியின் சிபான் களஞ்சியம். 1995-இல் தொடங்கிய அது, இன்று நாம் பயன்படுத்தும் பல களஞ்சியங்களுக்கு மூத்தது. 1998-இல் அதையொட்டி சிபான் டெஸ்டர்ஸ் என்ற தன்னார்வ முயற்சி உருவானது. யாராவது ஒரு மாட்யூலை (பெர்ல் உலகில் லைப்ரரியை இப்படித்தான் சொல்வார்கள்) ஏற்றினால், உலகின் எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்களின் கணினிகள் அதைத் தானாக இறக்கி, அதன் சோதனைகளை ஓட்டி, முடிவை அனுப்புகின்றன. விதவிதமான இயங்குதளங்கள், பெர்ல்லின் பழைய, புதிய பதிப்புகள், விசித்திரமான அமைப்புகள். இதுவரை வந்த அறிக்கைகள் ஒரு கோடியை எப்போதோ தாண்டிவிட்டன. பயனருக்கு இதில் கிடைப்பது பெரிது. "என்னுடைய இயங்குதளத்தில், என்னுடைய பதிப்பில் இது ஓடுமா" என்ற கேள்விக்கு, நிறுவிப் பார்ப்பதற்கு முன்பே ஓர் அட்டவணையில் பதில் இருக்கிறது. ஆசிரியர் கெஞ்சிக் கேட்கவும் வேண்டியதில்லை. புதிதாக ஏற்றப்பட்ட, ஒருவரும் அறியாத மாட்யூலுக்கும் புகழ்பெற்ற மாட்யூலுக்குச் செய்யும் அதே சோதனை நடக்கிறது. பின்னால் வந்த பெரிய களஞ்சியங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் ஏமாற்றம்தான். ஒவ்வொரு திட்டமும் தன் சோதனையைத் தானே தனியாக எங்கோ ஓட்டிக்கொள்கிறது. முடிவு பேக்கேஜின் பக்கத்துக்கு வருவதில்லை, வந்தாலும் தேறியது என்று மட்டும் சொல்லும் ஒரு பச்சை வில்லையாக வருகிறது.

வாசலிலேயே சோதித்து அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆர் மொழியின் கிரான் களஞ்சியம் அப்படித்தான் நடக்கிறது. புதிய பேக்கேஜ் வந்தால் தானியங்கிச் சோதனையோடு மனிதர்களும் பார்க்கிறார்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் (ஃபங்ஷனுக்கும்) ஆவணம் இருக்க வேண்டும், ஆவணத்தில் தந்த எடுத்துக்காட்டுகள் ஓட வேண்டும். பிறகு ஒருநாள் சோதனை தவறி, சொன்ன கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் பேக்கேஜ் பழைய காப்பகத்துக்குப் போய்விடும். கிரான் கடுமையானது என்று புலம்பாத ஆர் நிரலாளரைப் பார்ப்பது அரிது. அந்தக் கடுமையின் சுமை ஒரு சிறு தன்னார்வக் குழுவின் தோளில் விழுகிறது. அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். என்பிஎம்மிலோ இருபது லட்சத்துக்கும் மேல். அதே முறையில் இதைப் பார்க்க எங்கும் ஆட்கள் கிடையாது.

ஆனால் கிரானில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு வாசல் சோதனை இல்லை. ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு வரும்போது, அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களையும் சேர்த்தே மறுபடி சோதிக்கிறார்கள். என் மாற்றம் யாருடைய வேலையைக் கெடுக்கும் என்பது வெளியிடும் நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கெடுத்தால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் பொதுச் சுவரை இடிக்க முடியாது என்பது போல.

எல்ம் மொழியின் களஞ்சியம் இன்னொரு வழியில் இதைச் செய்கிறது. புதிய பதிப்பை வெளியிடும்போது, முந்தைய பதிப்பில் இருந்த செயற்கூறுகளின் வகைகளையும் (எந்த வகைத் தரவை வாங்கி எந்த வகையைத் தரும் என்பதை) இப்போது இருப்பவற்றையும் கருவியே ஒப்பிடுகிறது. ஒன்றை நீக்கியிருந்தாலோ வகையை மாற்றியிருந்தாலோ பதிப்பின் முதல் எண் ஏறியே ஆக வேண்டும். "சின்னத் திருத்தம்தான்" என்று சொல்லி பயனரின் நிரலை உடைக்கும் வேலை அங்கே பெரும்பாலும் நடக்காது. ஆவணம் எழுதாமல் எதையும் வெளியிடவும் முடியாது. எல்ம்மின் வகை அமைப்பு இதற்கு இடம் தருகிறது, பைத்தான் போன்ற மொழிகளில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்பது சரிதான். இயந்திரம் உறுதியாகச் சொல்லக்கூடியதை ஆசிரியரின் நல்ல மனசுக்கு விட்டுவைக்கக் கூடாது என்ற கொள்கை மட்டும் எந்த மொழிக்கும் பொருந்தும்.

மதிப்பெண் போடும் களஞ்சியங்களும் இருக்கின்றன. டார்ட், ஃப்ளட்டர் உலகின் பப்.டெவ் தளம், ஆவணம் இருக்கிறதா, எடுத்துக்காட்டு இருக்கிறதா, நிரல் பகுப்பாய்வில் தேறுகிறதா, டிபென்டன்சிகள் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா, எந்தத் தளங்களில் ஓடும் என்றெல்லாம் பார்த்துப் புள்ளி தருகிறது. அங்கே எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு புள்ளியும் ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று விரித்துக் காட்டுவது. ஆசிரியருக்கு அதுவே வேலைப் பட்டியலாகிவிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அதை வைத்துத் தேடல் வரிசையை அமைக்கும்போதுதான் சிக்கல். மதிப்பெண்ணுக்கு ஏதாவது பலன் இருந்தால் மதிப்பெண்ணுக்காகவே பேக்கேஜ்கள் வரும். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு கிரிப்டோ டோக்கன் தருவதாக டீ என்ற திட்டம் அறிவித்த பிறகு, 2024-இல் என்பிஎம்மில் வெற்றுப் பேக்கேஜ்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. நல்லெண்ணத்தில் தொடங்கிய அளவுகோல் களஞ்சியத்தையே குப்பையால் நிரப்பியது.

இன்னொரு பிழை, சமீபத்தில் புதுப்பிக்கப்பட்டதை உயிரோடிருப்பதற்குச் சமமாக வைப்பது. கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய அம்சங்களை அவர் 1990-லேயே நிறுத்திவிட்டார், அதன்பின் வழுத் திருத்தங்கள் மட்டும்தான், அவையும் பல வருடங்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண், கணிதத்தின் பை (π, 3.14159...) மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. "ஆறு மாதமாக மாற்றம் இல்லை" என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் எந்தக் கணக்கும் டெக்கைச் செத்ததாகவே காட்டும். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்ட சிறிய லைப்ரரிகள் எல்லா மொழியிலும் உண்டு. அவற்றைக் கைவிடப்பட்டவற்றிலிருந்து பிரித்துக் காட்ட பெரும்பாலான களஞ்சியங்களில் இடமே இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் இதுதான்: பேக்கேஜின் நிலை. இது உயிரோடு இருக்கிறதா, முடிந்துவிட்டதா, கைவிடப்பட்டதா, இதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும்? தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. களஞ்சியங்கள் மிகக் குறைவாகக் கேட்பதும் இதைத்தான்.

பைத்தானின் பைபிஐ களஞ்சியம் 2003-இல் தொடங்கியது. அதில் வளர்ச்சி நிலையைக் குறிக்க வகைப்பாட்டுக் குறிச்சொற்கள் உண்டு, திட்டமிடல் முதல் செயலற்றது வரை ஏழு படிகள். ஆனால் அந்தக் குறிச்சொல் வெளியீட்டோடு ஒட்டியது. "இது இனிச் செயலற்றது" என்று அறிவிக்க நீங்கள் ஒரு புதிய பதிப்பை வெளியிட வேண்டும். ஆர்வம் போய்விட்ட ஒருவர், மடிக்கணினியை மாற்றிவிட்ட ஒருவர், பழைய பில்ட் அமைப்பைத் தூசிதட்டி எடுத்து, "நான் நிறுத்திவிட்டேன்" என்று சொல்வதற்காக ஒரு பதிப்பை வெளியிடுவாரா? மாட்டார். அதனால் பீட்டா (சோதனை நிலை) என்று பத்து வருடத்துக்கு முன் குறித்தது இன்றும் பீட்டாவாகவே இருக்கிறது. திட்டத்தைக் காப்பகப்படுத்தியதாக அறிவிக்க, புதிய வெளியீடு எதுவும் தேவைப்படாத ஒரு வசதி 2025 ஜனவரியில்தான் பைபிஐயில் வந்தது. வந்ததே பெரிய நல்ல காரியம். இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டாம்.

பிஎச்பி மொழியின் பேக்கேஜிஸ்ட் களஞ்சியத்தில் இது முன்பிருந்தே இன்னும் அழகாக இருக்கிறது. ஒரு பேக்கேஜைக் கைவிடப்பட்டதாகக் குறிக்கும்போது, அதற்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்ற பெயரையும் கொடுக்கலாம். பேக்கேஜ்களை நிறுவித் தரும் கம்போசர் கருவி, அந்த நேரத்திலேயே எச்சரிக்கையையும் மாற்றையும் சேர்த்தே அச்சிடும். தகவல் இணையதளத்தின் மூலையில் கிடக்காமல், ஆள் முடிவெடுக்கும் இடத்துக்கே வருகிறது. டாட்நெட் உலகின் நியூகெட் களஞ்சியத்திலும் இப்படி மாற்றைச் சுட்டும் வசதி உண்டு.

வசதி இருந்தாலும் சொல்ல ஒருவருக்கு மனம் வேண்டும். 2020 செப்டம்பரில் மொமெண்ட் லைப்ரரியின் பராமரிப்பாளர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த செயல்களில் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் தேதி என்றாலே மொமெண்ட் என்று இருந்த காலம் அது. புகழின் உச்சியிலேயே, புதிய திட்டங்களுக்கு இதை எடுக்க வேண்டாம் என்று அவர்களே எழுதினார்கள். ஏன் என்று விளக்கினார்கள். லக்ஸன், டேஜேஎஸ், டேட்-எஃப்என்எஸ் போன்ற போட்டி லைப்ரரிகளைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். தன் பக்கத்துக்கு வந்தவரை அடுத்தவரிடம் அனுப்பிவைக்கும் அந்த நேர்மையை ஒரு களஞ்சியம் கௌரவிக்க வேண்டும். கைவிட்டதை ஒழுங்காக அறிவித்தவருக்கு ஒரு நல்ல அடையாளம் கொடுத்தால்கூடத் தகும்.

பேக்கேஜின் உரிமை கைமாறுவதும் அதன் நிலையைப் பற்றிய தகவல்தான். என்பிஎம்மில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற, வாரத்துக்குப் பல லட்சம் முறை இறங்கிய பேக்கேஜை அதன் ஆசிரியர் பயன்படுத்துவதை நிறுத்தி நாளாகியிருந்தது. உதவ வருகிறேன் என்ற ஒருவரிடம் உரிமையைக் கொடுத்தார். புதியவர் சேர்த்த ஒரு டிபென்டன்சிக்குள் கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல் இருந்தது. 2018 நவம்பரில் அது அம்பலமானது. பலர் அந்த ஆசிரியரைத் திட்டினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளம் இல்லாமல் ஒருவர் எத்தனை வருடம் தூக்கிச் சுமப்பது? வெளியிடும் உரிமை கைமாறியது களஞ்சியத்துக்குத் தெரியும். பயன்படுத்துபவருக்குத் தெரியாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது "இந்தப் பதிப்பை வெளியிட்டவர் புதியவர்" என்று ஒரு வரி காட்ட எந்தப் புதிய தொழில்நுட்பமும் வேண்டாம்.

தனக்குத் தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைத் தெரிந்தது போல் காட்டாமல் இருப்பது, இரண்டும் களஞ்சியத்தின் கடமை. பைபிஐ இப்போது திட்டத்தின் பக்கத்தில் தான் சரிபார்த்த விவரங்களையும் சரிபார்க்காத விவரங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் எந்தப் புகழ்பெற்ற திட்டத்தின் கிட்ஹப் முகவரியையும் தன் பேக்கேஜில் போட்டு, அதன் நட்சத்திரங்களைத் தன்னுடையது போல் காட்டிக்கொள்ளும் தந்திரத்துக்கு இது நேரான பதில்.

பெயர்கள் விஷயத்துக்கு வருவோம். பைத்தானில் நிரலுக்குள் இம்போர்ட் செய்யும் (எடுத்துச் சேர்க்கும்) பெயர் ஒன்று, நிறுவும் பெயர் வேறொன்று. பிஐஎல் என்று இம்போர்ட் செய்வோம், பில்லோ என்று நிறுவ வேண்டும். மூல பிஐஎல் 2009-க்குப் பின் வெளிவரவே இல்லை, அதிலிருந்து பிரிந்த பில்லோதான் இன்று வாழ்கிறது. சிவி2 என்று எழுதுவோம், நிறுவுவது ஓப்பன்சிவி-பைத்தான். புதிதாக வருபவருக்கு இது யாரும் சொல்லித்தராத பாடம். சைகிட்-லேர்ன் குழு, மக்கள் இம்போர்ட் பெயரையே தட்டி ஏமாறக் கூடாதென்று எஸ்கேலேர்ன் என்ற பெயரையும் பதிவு செய்து வைத்திருந்தது. பிறகு அது பழக்கமாகிவிடாதபடி அந்தப் பெயரில் நிறுவுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுத்து, 2023 இறுதியில் முழுதாக நிறுத்தி, சரியான பெயரைச் சொல்லும் பிழைச் செய்தியை வைத்தது.

இந்த இடைவெளியில்தான் போலிகள் குடியேறுகின்றன. ஜெல்லிஃபிஷ் என்ற பேக்கேஜின் பெயரில் ஆங்கிலச் சிறிய எல் எழுத்துக்குப் பதில் பெரிய ஐ எழுத்தைப் போட்டு ஒருவர் போலி ஒன்றை ஏற்றினார். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுதான். மறையாக்கச் சாவிக் கோப்புகளைத் திருடும் அந்த நிரல் ஏறக்குறைய ஒரு வருடம் பைபிஐயில் இருந்து, 2019 டிசம்பரில் பிடிபட்டது. இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத பேக்கேஜ் பெயர்களைச் சில நேரம் கற்பனையாகச் சொல்கின்றன. மோசடி செய்பவர் அந்தப் பெயரை முந்திக்கொண்டு பதிவு செய்தால் போதும். ஜாவா உலகின் மேவன் சென்ட்ரல் களஞ்சியம் போல, டொமைன் (இணையதள முகவரி) உரிமையை நிரூபித்தால்தான் அந்தப் பெயர்வெளியில் வெளியிடலாம் என்ற விதி இதில் பெரும்பகுதியைத் தடுக்கும். பெயர் நீளமாகிறது என்ற குறையை நான் பொறுத்துக்கொள்வேன்.

தேடல் பெட்டியை மட்டும் செம்மைப்படுத்தினால் போதாது. பைபிஐயில் கட்டளை வரியிலிருந்து தேடும் பிப் சர்ச் வசதியே, சமாளிக்க முடியாத கோரிக்கை வெள்ளத்தால் 2020 டிசம்பரில் நிறுத்தப்பட்டு இன்றுவரை திரும்பவில்லை. வேறு கோணங்களில் தேட முடியும் என்பதற்கு ஹேஸ்கெல் மொழியின் ஹூகிள் தேடுபொறி நல்ல சாட்சி. பெயர் தெரியாவிட்டாலும், என்ன வகை உள்ளே போய் என்ன வகை வெளியே வர வேண்டும் என்று எழுதினால் பொருந்தும் செயற்கூறுகளை எடுத்துத் தரும். இயந்திரத்தைவிட மனிதர் நன்றாகச் செய்யும் வேலையும் இதில் உண்டு. கிரானின் டாஸ்க் வியூஸ் பக்கங்களைச் சொல்கிறேன். காலத்தொடர், இடஞ்சார் தரவு, பொருளாதார அளவியல் என ஒவ்வொரு துறைக்கும் அந்தத் துறை அறிந்த ஒருவர் அல்லது சிலர், எந்தப் பேக்கேஜ் எதற்கு உதவும், ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று உரைநடையாக எழுதிப் பராமரிக்கிறார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். முப்பது பேர் பயன்படுத்தும் நல்ல பேக்கேஜும் அங்கே உரிய பத்தியில் வந்துவிடும். எந்த டவுன்லோட் கணக்கும் அதைச் செய்யாது. அந்தப் பக்கங்களை எழுதுவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதற்குச் சற்றும் குறைந்த உழைப்பில்லை, அதற்கான பெயரும் பணமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

பராமரிப்பாளர்கள் களஞ்சியத்துக்காகக் காத்திருக்க வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது: விளக்கம் எழுதுவது. "வேகமான, எளிய, நவீன லைப்ரரி" என்று எழுதினால் தேடுபவருக்கு ஒன்றுமே கிடைக்காது, எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். என் லைப்ரரியின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் இப்போது முதல் பத்தி அது என்ன செய்யும் என்பது. இரண்டாம் பத்தி அது என்ன செய்யாது, எவ்வளவு பெரிய கோப்புக்கு மேல் திணறும் என்பது. மூன்றாம் பத்தி அதே வேலைக்கு இருக்கும் மற்ற லைப்ரரிகளின் பெயர்கள், எப்போது அவற்றை எடுப்பது நல்லது என்ற குறிப்போடு. நான்காவதாக ஒரு வரி: அம்சங்கள் முடிந்துவிட்டன, வழுக்களைத் திருத்துகிறேன், அறிக்கைகளுக்குப் பதில் சொல்ல ஓரிரு வாரம் ஆகும். இதை எழுதிய பிறகு, பொருந்தாத தேவைக்காக வந்து ஏமாந்தவர்களின் புகார்கள் குறைந்தன. வரும் அறிக்கைகளில் மறுஉருவாக்கும் படிகள் இருக்கின்றன, மாதிரிக் கோப்பு இணைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் வந்த ஒன்று, நான் பரிந்துரைத்த மற்றொரு லைப்ரரியின் பராமரிப்பாளரிடமிருந்து. அவருடைய சோதனைக் கோப்புகளில் மூன்றை என் லைப்ரரி தவறாகப் படிக்கிறது என்று கோப்புகளோடு அனுப்பியிருந்தார். இரண்டைத் திருத்திவிட்டேன், மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.